கும்ரானில் மடத்தைக் கண்ட துறவி: மண் சொன்னதா, மனம் சொன்னதா?

கேள்வி – பாளைவாசகன்

சென்ற ஞாயிறு ஆதிச்சநல்லூர்ப் பரம்பில், கண்ணாடித் தளத்தின்மேல் நின்று, கிடந்த இடத்திலேயே விடப்பட்டிருக்கும் தாழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உடன் வந்த நண்பர் ஒவ்வொரு தாழிக்கும் ஒரு சடங்கைச் சொல்லிக்கொண்டே வந்தார். சாக்கடல் ஓரத்துக் கும்ரானை அகழ்ந்த ரோலன் தெ வோ ஒரு துறவி என்று படித்தது அப்போது நினைவுக்கு வந்தது. அந்த இடிபாட்டில் துறவிகளின் மடத்தை அவர் கண்டது மண் சொன்னதாலா, தாமே மடத்தில் வாழ்ந்ததாலா? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் – பொருநைக்கரையான்

தம்பி, நல்ல கேள்வி. 1903இல் பாரிஸில் பிறந்த தெ வோ, நம் பக்கத்துக் கத்தோலிக்கர் சாமிநாதர் சபை என்று சொல்லும் தொமினிக்கன் சபையில் சேர்ந்தவர். 1945 முதல் 1965 வரை எருசலேமில் அச்சபையின் விவிலிய ஆய்வுப் பள்ளியை நடத்தினார். வெள்ளை அங்கியோடே அகழாய்வுக் களத்தில் நிற்கும் அவருடைய படங்கள் இன்றும் கிடைக்கின்றன. 1951க்கும் 1956க்கும் இடையே கும்ரானைத் தோண்டினார்.

அங்கே ஓர் அறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கலங்கள் அடுக்கடுக்காக இருந்தன. பக்கத்து நீள அறையை அவர் உணவுக்கூடம் என்றார். இன்னோர் அறையில், மாடியிலிருந்து சரிந்து விழுந்த சுண்ணச்சாந்துப் பலகைத் துண்டுகளோடு, மண்ணால் ஒன்றும் வெண்கலத்தால் ஒன்றுமாக இரண்டு மைக்கூடுகள் கிடைத்தன. அதை எழுத்துக்கூடம் என்றும், அங்கு வாழ்ந்தவர்கள் எஸ்ஸீனியர் என்னும் யூத நோன்பினர் என்றும், கி.பி. 68இல் ரோமானியப் படை அந்த இடத்தை அழித்தது என்றும் எழுதினார்.

மைக்கூடு இருந்த இடத்தில் எழுத்து வேலை நடந்திருக்கும் என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் அந்தத் துண்டுகளை மேசையாகப் பொருத்தியதில்தான் மடத்து வாசம் வீசுகிறது. அக்காலத்து எழுத்தர்கள் மேசையில் எழுதும் வழக்கமுடையவர்கள் அல்லர் என்று பின்வந்தோர் சுட்டினார்கள். அவை பந்தி இருக்கைகளாக இருக்கலாம் என்றும் சிலர் வாதிட்டார்கள். சுவடியை இடக்கையில் ஏந்தி எழுத்தாணியால் கீறிய மரபில் வந்த நமக்கு, எழுதுவதற்கு மேசை வேண்டியதில்லை என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பதில் – கொற்கைத்துறை

அண்ணாச்சி சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் அவர் துறவி என்பதை நான் குறையாகக் கருதவில்லை. எல்லோரும் ஏதோ ஒரு வாழ்க்கையிலிருந்துதான் குழிக்குள் இறங்குகிறோம். எனக்குள்ள வருத்தம் வேறு. 1971இல் அவர் இறக்கும்வரை கும்ரானின் முழு அகழாய்வு அறிக்கை வெளிவரவில்லை. களக்குறிப்புகளும் படங்களும் 1994இல்தான் நூலாயின. எந்தக் கலம் எங்கே கிடந்தது என்று அன்றாடம் அவர் எழுதிவைத்த குறிப்புகளே, அவரை மறுப்பவர்களுக்கும் இன்று ஆதாரமாக இருக்கின்றன. ஆதிச்சநல்லூரில் 2004இல் தோண்டியவற்றின் அறிக்கைக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த நமக்கு இந்த வலி புதிதன்று. அதே பரம்பில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகழ்ந்த அலெக்சாந்தர் ரீயின் பொருட்பட்டியல் 1915லேயே அச்சாகிவிட்டது என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

பதில் – தாழிக்காடு

சிவகளையில் ஒரு பருவம் குழி வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பானை ஓடு எடுத்ததும், பைக்குள் போடும் சீட்டில் குழி எண், ஆழம், மண்ணடுக்கு, தேதி இவற்றைத்தான் எழுத வேண்டும். ஒருநாள் தாழிக்குள்ளிருந்து சின்னஞ்சிறு கிண்ணம் ஒன்று, உள்ளே மண் இறுகியபடி, முழுதாக வந்தது. நான் சீட்டில் 'படையல் கிண்ணம்' என்று எழுதிவிட்டேன். மேற்பார்வையாளர் அதை அடித்துவிட்டு, 'கிண்ணம், கறுப்பு-சிவப்பு, தாழியின் உட்புறம்' என்று எழுதினார். படையல் என்பது என் ஆச்சி வீட்டு நினைவு. அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அதை எழுத வேண்டிய இடம் அந்தச் சீட்டு அன்று.