மறு: லோக்ரியன் ஸ்கேலுக்குத் தமிழ்ப் பெயர்

> யுகுலேலே (நான்கு தந்திகள் கொண்ட சிறு கிதார்) கையேட்டுக்கு 'லோக்ரியன் ஸ்கேல்' (மேற்கத்திய இசையின் ஒரு சுர வரிசை) என்பதற்குச் சொல் வேண்டும். இருண்ட, உறுத்தும் ஒலி. 'இருட்பண்' எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

'இருட்பண்' காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் கலைச்சொல்லாக ஏற்க எனக்கு மனமில்லை. இருள் என்பது கேட்பவர் மனத்தில் எழுவது. ஆளுக்கு ஆள் மாறும். தோடி ராகத்தின் சுரங்களையே மேற்கத்திய இசை பழகியவர்கள் இருண்டவை என்பார்கள். தோடியில் ஊறிய நமக்கு அது வேறு உணர்வு. இன்னொன்று, பண் என்றால் அதற்கென்று நடை, சாயல் எல்லாம் உண்டு. இங்கே நாம் பெயர் தேடுவது வெறும் ஏழு சுர அடுக்குக்கு. அதற்குப் பழைய சொல் 'பாலை'.

யுகுலேலேயைக் கையில் வைத்துக்கொண்டே இதைப் பார்த்துவிடலாம். தந்திகள் ஜி, சி, இ, ஏ. ஜி தந்தி மேலே இருந்தாலும் சுருதியில் இ-யைவிட உயர்ந்தது. அதனால் சி-யைச் சட்சமமாக (அடிப்படைச் சுரமாக) வைத்து, அந்தத் தந்தியிலிருந்தே தொடங்குங்கள். சி தந்தியில் திறந்த ஒலி, 1, 3-ஆம் மெட்டுகள் (விரல் அழுத்தும் கட்டங்கள்). இ தந்தியில் 1, 3, 4. ஏ தந்தியில் 1, 3. கமகம் (சுரத்தை அசைத்து வாசிப்பது) இல்லாவிட்டாலும் இவை தோடியின் சுரங்கள்தாம். இப்போது இ தந்தியில் 3-ஆம் மெட்டில் இருக்கும் விரலை 2-க்கு இறக்குங்கள். பஞ்சமம் போய்விட்டது, அந்த இடத்தில் பிரதி மத்திமம் வந்துவிட்டது. ச ரி1 க2 ம1 ம2 த1 நி2 (எண் அந்தச் சுரத்தின் வகை; ம2 என்பது பிரதி மத்திமம்). இதுதான் லோக்ரியன். ஒரே ஒரு மெட்டு நகர்ந்ததில் கால் ஊன்ற இடமில்லாமல் போகிறது. சட்சமத்துக்குத் திரும்பி வந்தாலும் பாட்டு முடிந்த நிறைவு கிடைப்பதில்லை. கையேட்டில் முதலில் தோடியையும் அடுத்து இதையும் வாசிக்கச் சொன்னால், கற்பவருக்குப் பாதி விளக்கம் தேவைப்படாது.

கருநாடக இசையில் வேங்கடமகி வகுத்த 72 மேளங்களில் (தாய் ராகங்களில்) இதற்கு இடமில்லை. ஒவ்வொரு மேளத்துக்கும் பஞ்சமம் வேண்டும், மத்திமம் ஒன்றுதான் இருக்கலாம். சங்கராபரணத்தில் கிரகபேதம் செய்யும்போது (வேறொரு சுரத்தைச் சட்சமமாக்கும்போது) நிஷாதத்தை மட்டும் விட்டுவிடுகிறோமே, அதற்கும் இதுவே காரணம். ஐரோப்பாவிலும் இதே கதைதான். இசைக் கோட்பாட்டாளர் கிளேரியானஸ் 1547-இல் வெளியிட்ட நூலில் 12 மோடுகளை (சுர அடுக்குகளை) ஏற்று, பி-யில் தொடங்கும் இதைச் சரியான ஐந்தாம் சுரம் இல்லையென்று தள்ளிவைத்தார்.

நம்மிடம் ஒரு மரபு இதைத் தள்ளவில்லை. நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான். சிலப்பதிகார உரை வழியே நாம் அறியும் ஏழு பெரும்பாலைகளில், குரலே குரலானால் செம்பாலை, துத்தம் குரலானால் படுமலைப்பாலை, கைக்கிளை குரலானால் செவ்வழிப்பாலை. குரல், துத்தம், கைக்கிளை என்பவை ச, ரி, க-வின் பழைய தமிழ்ப் பெயர்கள்; 'குரலானால்' என்றால் சட்சமமானால். செம்பாலையை அரிகாம்போதி ராகமாகக் கொண்டு காந்தாரத்தைச் சட்சமமாக்கிப் பாருங்கள், மேலே வாசித்த அதே ஏழு சுரங்கள் வரும். இசை ஆய்வாளர்கள் இதை 'இருமத்திமத் தோடி' என்றும் எழுதியிருக்கிறார்கள். ஆகவே என் பரிந்துரை: செவ்வழிப்பாலை.

> செவ்வழி தேவாரப் பண் ஆயிற்றே? குழப்பம் வராதா?

வரும். தேவாரத்தில் செவ்வழி என்று குறித்த பதிகங்களை இன்று ஓதுவார்கள் யதுகுலகாம்போதியில் பாடுகிறார்கள். அதனால்தான் 'பாலை' என்ற ஈற்றை ஒருபோதும் விடக்கூடாது என்கிறேன். செம்பாலையைச் சங்கராபரணமாகக் கொள்பவர்களும் உண்டு. அவர்கள் கணக்கில் இந்த அடுக்கு மேற்செம்பாலையின் இடத்துக்குப் போகும். கையேட்டில் எந்தக் கணக்கு என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும்.

உணர்வும் பெயரில் வேண்டும் என்பவர்களுக்குப் புறநானூற்றின் 149-ஆம் பாட்டைச் சொல்வேன். வள்ளல் நள்ளியின் கொடையில் திளைத்த பாணர்கள் மாலையில் மருதத்தையும் காலையில் செவ்வழியையும் வாசித்து முறை மறந்தார்களாம். அப்படியானால் செவ்வழியின் பொழுது மாலை. 'நள்ளென் மாலை' என்றே பாட்டில் வருகிறது. இருளுக்கு இதைவிட நெருக்கமான சொல்லை நாம் புதிதாகச் செய்துவிட முடியுமா?

> டிஸ்ஸொனன்ஸுக்கு (சுரங்கள் முரணி ஒலிப்பதற்கு) 'விவாதி' இருக்கிறதே?

இந்த இடத்தில் வேண்டவே வேண்டாம். கருநாடக இசை கற்றவருக்கு விவாதி என்றால் ரி1 க1, ரி3 க3, த1 நி1, த3 நி3 ஆகிய சேர்க்கைகள். 72-இல் 40 மேளங்கள் அப்படிப்பட்டவை. செவ்வழிப்பாலையில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. இணை, கிளை, பகை, நட்பு என்ற நால்வகை உறவில் 'பகை'யை எடுத்துக்கொள்ளலாம். உரை அதை நரம்பு (சுரம்) எண்ணி வரையறுக்கிறது. நாம் பொதுப்பொருளில் ஆளலாம். ட்ரைடோனுக்கு (சட்சமத்திலிருந்து பிரதி மத்திமம் வரையிலான இடைவெளிக்கு) தனிச்சொல்லே தேவையில்லை. பிரதி மத்திமத்தின் பழைய பெயரான 'நிறை உழை' இருக்கிறது.

எனக்கு இன்னும் முடிவாகாதது டிமினிஷ்ட் கார்டு (ச, க2, ம2 மூன்றும் சேர்ந்து ஒலிப்பது). ஜி தந்தியிலிருந்து வரிசையாக 5, 3, 2, 3-ஆம் மெட்டுகளை அழுத்தினால் வருவது அதுதான். 'குறை கூட்டு' என்று போன மடலில் ஒருவர் எழுதியிருந்தார். குறை துத்தம், குறை உழை என்று 'குறை' ஏற்கெனவே சுரத்தின் வகையைக் குறிக்கிறது, மோதும். 'ஒடுங்கு கூட்டு' என்று வைக்கலாமா? வீணை, கிதார் இரண்டும் வாசிப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

அன்புடன்