முதல்ல நிரம்புற 4எஸ் முதல்லயே ஏன் காலியாகுது? நான் மாட்டின இடம்

அணுவுல எலக்ட்ரான்கள் இருக்கற இடங்களுக்கு (சப்ஷெல்) எஸ், பி, டி, எஃப்னு பேரு, முன்னாடி வர்ற எண் எத்தனாவது அடுக்குன்னு சொல்லும், 4எஸ்-னா நாலாவது அடுக்கோட எஸ். பள்ளிக்கூடத்துல இத நிறைய பேர் மனப்பாடம்தான் பண்ணிருப்பீங்க. நானும் அதேதான், ஒவ்வொண்ணுலயும் அதிகபட்சம் 2, 6, 10, 14 எலக்ட்ரான், அப்புறம் எதுக்கப்புறம் எது நிரம்பும்னு (3டி-க்கு முன்னாடி 4எஸ்) காட்டற அந்த சாய்வு அம்புக்குறி படம், எல்லாம் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

பதினொண்ணாவதுல ஒரு டெஸ்ட், இரும்பு 2 ப்ளஸ் அயனிக்கு, அதாவது ரெண்டு எலக்ட்ரான இழந்த இரும்பு அணுவுக்கு, எலக்ட்ரான் அமைப்பு கேட்டிருந்தாங்க. இரும்பு அணுவுல மொத்தம் 26 எலக்ட்ரான், உள்ள ஆர்கான் அணு மாதிரியே இருக்கற 18 போக மிச்சம் எட்டு, 4எஸ்-ல 2, 3டி-ல 6, கடைசியா போட்டதத்தானே முதல்ல எடுக்கணும்னு டி-ல இருந்து ரெண்ட உருவிட்டேன். தப்பு. 4எஸ்தான் காலியாகணும், 3டி-ல ஆறும் அப்படியே இருக்கணும்.

எனக்கு மனசே ஆறல, நேரா கெமிஸ்ட்ரி சார்கிட்ட போய் நின்னேன். அவர் ஒரு பேப்பர்ல ஸ்காண்டியம்னு எழுதி, கீழ மூணு வரி போட்டார். அணுவா இருக்கறப்ப 3டி-ல 1, 4எஸ்-ல 2. ஒண்ணு போனா 3டி-ல 1, 4எஸ்-ல 1. ரெண்டு போனா 3டி-ல 1 மட்டும். "இது அணு விடற ஒளியோட ஸ்பெக்ட்ரம் பாத்து கண்டுபிடிச்சதும்மா, நாம மாத்த முடியாது"ன்னார். நான் கடைசியா போட்ட அந்த ஒத்த டி எலக்ட்ரான் அசையவே இல்ல!

அப்புறம்தான் விஷயமே புரிஞ்சுது. அந்த அம்புக்குறி படத்துல ஒவ்வொரு எலக்ட்ரான் கூடறப்பவும் கருவுல ஒரு புரோட்டானும் கூடுது, அயனியாகறப்போ புரோட்டான் குறையறதே இல்ல, அப்ப அதே வரிசைய பின்னாடியிருந்து எப்படி ஓட்டறது? பொட்டாசியம், கால்சியத்துல ஆற்றல் கணக்குல 4எஸ் 3டி-க்குக் கீழ இருக்கு, ஸ்காண்டியத்துல கருவோட இழுப்பு கூடினதும் 3டி அதுக்கும் கீழ இறங்கிடுது. ஆனா 3டி கருவ ஒட்டின நெருக்கமான இடம், அங்க எலக்ட்ரான் சேரச் சேர ஒண்ண ஒண்ணு தள்ளும், அதனால மொத்தக் கணக்குல ரெண்டு பேர் வெளிய பரந்து கிடக்கற 4எஸ்-ல இருக்கறதுதான் ஆற்றலுக்கு லாபம். வெளிய இருக்கறதுதான் முதல்ல கழண்டு போகும்.

குரோமியமும் காப்பரும் 4எஸ்-ல ரெண்டுக்குப் பதிலா ஒரே எலக்ட்ரானோட நிக்கறதும் அதுக்கப்புறம் எனக்கு விசித்திரமா தெரியல, ரெண்டு சப்ஷெல்லும் அவ்ளோ நெருக்கம்.

இப்ப நான் டியூஷன் எடுக்கறப்ப அம்புக்குறி படத்துக்கு முன்னாடி ஸ்காண்டியத்தோட அந்த மூணு வரியத்தான் போர்டுல எழுதறேன். போன வாரம் ஒரு பொண்ணு "அப்ப 3டி-ய முன்னாடியும் 4எஸ்-ஸ பின்னாடியும் எழுதலாமா மிஸ்?"ன்னு கேட்டா. அப்படியே எழுதும்மா, எடுக்கறப்ப வலது பக்கத்துல இருந்து எடுன்னு சொன்னேன்.