முறைபேசி: வாகனத்தில பூட்டுற செற்றுக்கு ஒரு சொல்

வணக்கம் அண்ணை,

> 'இருவழி வானொலி' எண்டு சொல் இருக்கேக்க புதுசு என்னத்துக்கு?

வாகனத்தில பூட்டி, பொத்தானை அமத்திக் கதைக்கிற வயர்லெஸ் செற்றுக்கு 'முறைபேசி' எண்டு புதுச் சொல் வைப்பம் எண்டதுக்கு நீங்கள் கேட்டது நியாயமான கேள்விதான், ஆனா அந்தச் சொல்லை வச்சு நான் ரெண்டு கிழமையாப் படுற பாட்டைச் சொல்லுறன் கேளுங்கோ. போன மாதம் நோயாளரை ஏத்துற வான் ஒண்டுக்கு அப்பிடி ஒரு செற் பூட்டிக் குடுத்தனான், ஓடுற தம்பிமார் ரெண்டு பேருக்கும் இங்கிலிஷ் வாசிக்க வராது, டாஷ்போட்டில தமிழில ஒரு தாள் ஒட்டித் தாங்கோ அண்ணை எண்டு கேட்டவை. 'இருவழி வானொலியைப் பயன்படுத்தும் முறை' எண்டு எழுதிக் குடுத்தன், அதில ஒருத்தர் வாசிச்சுப்போட்டு இதில பாட்டும் கேக்கலாமோ எண்டு கேட்டார். அவரில பிழை இல்லை. எங்கட சனத்துக்கு வானொலி எண்டா பாட்டு, செய்தி, மரண அறிவித்தல், அவ்வளவுதான்.

'இருவழி'யும் சரியில்லை. ரெலிபோன்தான் உண்மையான இருவழி, ரெண்டு பேரும் ஒரே நேரத்தில கதைக்கலாம். இதில அலைவரிசை ஒண்டு, நான் பொத்தானை அமத்திக் கதைக்கேக்க என்ர செற்றுக்குக் காது இல்லை, கையை எடுத்தாத்தான் மற்றவர் சொல்லுறது கேக்கும். ரெண்டு பேர் ஒரே நேரத்தில அமத்தினா பலமான அலைதான் மேல வரும், இல்லாட்டி வெறும் கீச்சுச் சத்தம். இதை விளங்காமத்தான் புதுசா ஓடுற ஆக்கள் பொத்தானை அமத்தினபடியே மறுமொழிக்குக் காத்துக்கொண்டு இருக்கினம், அவசர நேரத்தில அது பெரிய கரைச்சல்.

'வோக்கி' எண்ட சொல் இங்க சின்னப்பிள்ளைக்கும் தெரியும், ஆனா அது கையில கொண்டு நடக்கிறதுக்கு வந்த சொல். தமிழ்நாட்டில இருந்து ஒரு ஐயா சொன்ன 'நடைபேசி'யும் அப்பிடித்தான். நாலு திருகாணி போட்டு டாஷ்போட்டுக்குக் கீழ இறுக்கினது எங்க நடக்கிறது?

இதை யோசிச்சுக்கொண்டு இருக்கேக்க எங்கட பங்குக் கிணறுதான் ஞாபகம் வந்தது. உரும்பிராய், கோண்டாவில் பக்கம் தோட்டம் செய்யிற ஆக்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, கிணறு ஒண்டு, பங்காளியள் கனபேர், இண்டைக்கு எங்கட முறை நாளைக்கு அவையின்ர முறை எண்டு மாறி மாறி இறைக்கிறது. ஒரே நேரத்தில ரெண்டு மிசினை வச்சு இழுத்தா தண்ணி ரெண்டு பேருக்கும் காணாது. இந்த செற்றிலயும் அதுதானே, அலைவரிசை ஒண்டு, ஆக்கள் கனபேர், கதைக்கிறதுக்கு முறை. அப்ப முறைபேசி. வாகனத்தில பூட்டினது ஊர்தி முறைபேசி, கையில வச்சிருக்கிறது கை முறைபேசி.

ஒரு தங்கச்சி எழுதினவ, யாழ்ப்பாணத்தில 'பேசுறது' எண்டா ஏசுறதெல்லோ, கதைக்கிறதுதானே எங்கட சொல் எண்டு. உண்மைதான், ஆனா தொலைபேசியை ஆரும் ஏச்சுப்பெட்டி எண்டு நினைக்கேல்லை, அந்தப் 'பேசி' இப்ப எல்லாருக்கும் பொதுவாப் போச்சு. நடுவில 'ப்' வரவேணுமோ எண்டு கைபேசி, கைப்பேசிச் சண்டையை இதிலயும் துவங்காதேங்கோ. 'முறைப்பேசி' எண்டு எழுதினா முறைச்சுப் பாக்கிறதும் முறைப்பாடும்தான் முன்னுக்கு வரும், தொலைபேசி மாதிரி 'ப்' இல்லாமலே விடுவம்.

கூரையில வைக்கிற அன்ரெனாவுக்கு 'அலைவாங்கி' எண்டு எழுதியிருந்தியள், வாங்கிறது மட்டும் இல்லையே, அனுப்புறதும் அதுதான். 'உணர்கொம்பு'ம் பூச்சிக்குச் சரி, இதுக்குப் பாதிதான் பொருந்தும். 'அலைக்கொம்பு' எண்டு வச்சா ரெண்டுக்கும் ஆகும். 150 மெகாஹேட்ஸ் எண்டா கால் அலைநீளக் கொம்பு 50 சென்ரிமீற்றர் அளவில வரும், 75ஐ அந்த மெகாஹேட்ஸ் எண்ணால பிரிச்சா மீற்றரில விடை. அதுக்குக் கீழ இருக்கிற தகரக் கூரைதான் கொம்பின்ர மற்றப் பாதி மாதிரி வேலை செய்யுது, அதாலதான் கூரை நடுவில வைக்கச் சொல்லுறது. இங்கிலிஷில 'கிரவுண்ட் பிளேன்' எண்டுற அந்தத் தகட்டைப் 'புவித்தளம்' எண்டு எழுதினதை மட்டும் மாத்துங்கோ, வாகனம் ரயரில நிக்குது, நிலத்தைத் தொடவே இல்லை. 'அடித்தகடு' போதும். ஃபைபர் கூரையில காந்தக் கொம்பு ஒட்டாது, அடித்தகடும் இல்லை எண்டு சொன்னா உடன விளங்கும்.

பியூசுக்குப் பள்ளிக்கூடத்தில படிச்ச 'உருகி' இருக்கு, நல்ல சொல். ஆனா தாளில 'உருகியைப் பற்றறிக்குக் கிட்டப் போடவும்' எண்டு கட்டாயம் எழுத வேணும். துவக்கத்தில நான் செற் பக்கம் மட்டும் போட்டு ஒரு வாகனத்தில வயர் தகரத்தில உரசிப் புகைஞ்சது, பற்றறிக்கும் உரசின இடத்துக்கும் நடுவில தடுக்க ஒண்டும் இல்லை. 50 வாட் செற் கேக்கேக்க 1 ஆம்பியரும் எடுக்காது, அமத்தினா 10க்கு மேல போகும், சிகரட் லைற்றர் ஓட்டையில குத்துற வேலை இதுக்குச் சரிவராது. லொறி, பெரிய பஸ் எண்டா 24 வோல்ற், அதை 12க்கு இறக்கிற பெட்டியும் வேணும். அலைக்கொம்பு பூட்டாமப் பொத்தானை அமத்தவே கூடாது, செற்றின்ர கடைசிக் கட்ட ட்ரான்சிஸ்ரர் எரிஞ்சு போகலாம். லைசன்ஸ் தொலைத்தொடர்புகள் ஆணைக்குழுவில முதலே எடுக்க வேணும், அது வேற கதை.

'நிறுவுதல்' எண்ட சொல்லையும் மாத்துவம் அண்ணை. வாகனம் திருத்துற கராச்சில ஆரும் நிறுவுறேல்லை, பூட்டுறம். மாடு பூட்டுறம், வில்லுப் பூட்டுறம், இதையும் பூட்டுவம்.

கதைச்சு முடிச்சு மற்றவருக்கு விடேக்க சொல்லுற 'ஓவர்' எண்டதுக்கு மட்டும் சொல் வரேல்லை. 'முறை விட்டன்' எண்டு தம்பிமாரிட்டச் சொல்லிப் பாத்தன், ஒருத்தர் உடன பிடிச்சிட்டார், மற்றவர் இன்னும் ஓவர்தான் சொல்லுறார். திங்கக்கிழமை புதுத் தாள் அடிக்கப் போறன், மேல 'ஊர்தி முறைபேசி' எண்டு போட்டு. அதுக்குள்ள இதை விட நல்லது கிடைச்சா எழுதுங்கோ, மாத்திறன்.