நீச்சல் மனசுக்கு என்ன செய்தது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நீலக்கண்ணாடி:
அப்பா போன பிறகு எனக்குத் தூக்கமே இல்லை. விடியற்காலையில் நெஞ்சு படபடவென்று அடிக்கும். அக்காதான் பிடிவாதமாக நீச்சல் வகுப்பில் சேர்த்துவிட்டாள். பலகையைப் பிடித்துக் காலை உதைப்பதெல்லாம் வந்துவிட்டது, முகத்தைத் தண்ணீருக்குள் வைக்கத்தான் பயம். "மூச்சை அடக்காதீங்கம்மா, உள்ளே போனதும் மெல்ல விடுங்க" என்றார் கோச். விட்டேன். கன்னத்தை உரசிக்கொண்டு குமிழிகள் மேலே போயின. காதில் குபுகுபு சத்தம் மட்டும். மாதக்கணக்காகக் காதிலேயே இருந்த ஐசியூ மானிட்டர் சத்தம் அப்போது கேட்கவில்லை! இன்னும் அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நீந்தினால் மூளையே வளருமாமே, நம்பத் தோன்றுகிறது.

பம்புசெட்:
மூளை வளரும் என்ற பேச்சு வந்த அந்த 2011 அமெரிக்க ஆய்வு நடைப்பயிற்சி பற்றியதுங்க. மொத்தம் 120 முதியவர்கள். ஒரு வருடம் நடந்தவர்களுக்கு, ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப்பகுதி சுமார் 2 சதவீதம் பெரிதானது. நீச்சல் அதில் இல்லை. ஆனால் உங்களுக்குக் கிடைத்த அமைதிக்குக் காரணம் உண்டு. குளிர்ந்த நீர் முகத்தில் பட்டதும் மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பு வழியாக இதயத்துடிப்பு குறையும். மூச்சை நீளமாக விடுவதும் அதற்குத் துணை.

எனக்கு எங்க ஊர்க் கிணறு. நீட் முடிவு வந்த அன்று மாமா எதுவும் கேட்காமல் கூட்டிப்போனார். மல்லாந்து மிதந்தேன். மேலே வட்டமாக வானம், விளிம்பில் தொங்கும் மாமாவின் கால். "ஏறி வாடா, சோறு ஆறுது" என்று அவர் கூப்பிடும்வரை மார்க் ஞாபகமே இல்லை.

பொருநைக்கரை:
பம்புசெட் தம்பி, அவங்க அப்பாவைப் பற்றி எழுதியிருக்காங்க, முதல் வரியிலேயே ஆய்வைத் திருத்தணுமா? எனக்குப் பிரசவத்துக்குப் பிறகு வந்த மனச்சோர்வில், தண்ணீருக்குள் இருந்த நேரம்தான் யாரும் என்னைக் கூப்பிடாத நேரம்.

நீலக்கண்ணாடி, டாக்டர் மாத்திரை ஏதாவது கொடுத்திருந்தால், நீச்சல் நன்றாக இருக்கிறதென்று அதை நீங்களாக நிறுத்தாதீர்கள். நான் இரண்டையும் சேர்த்தேதான் செய்தேன். தூக்கம் இன்னும் வரவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள், இதில் கூச்சமே வேண்டாம். வேகவேகமாக மூச்சு வாங்கிவிட்டு முங்கவே கூடாது, உள்ளேயே மயக்கம் வரலாம். கிணறோ ஆறோ, தனியாக இறங்காதீர்கள், கரையில் நீச்சல் தெரிந்த ஒருவர் இருக்கட்டும். அப்புறம், படபடப்பு வரும் என்பதைக் கோச்சிடம் சொல்லி வையுங்கள். ஆழம் குறைந்த பக்கத்திலேயே நீந்த விடுவார்.