பர்மாவின் மோல்மீன் கடைவீதிப் படத்துக்கு என்ன எழுதலாம்: குடும்பக் குழுவில் ஒரு மாலைப் பேச்சு

தாட்டன் அண்ணன்:
எல்லோருக்கும் வணக்கம். பொங்கலுக்குக் கோயில் மண்டபத்தில் மாட்டுவதற்குப் பழைய படங்களைப் பெரிதாக்கிச் சட்டம் போடப்போகிறோம் என்று சொல்லியிருந்தேன் அல்லவா, அதில் முதல் படத்தின் முன்புறமும் பின்புறமும் மேலே இருக்கின்றன. இது வண்ணத் தபால் அட்டை. அடியில் ஆங்கிலத்தில் 'மோல்மீன் கடைவீதி' என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. தமிழிலும் பர்மியத்திலும் கீழே என்ன எழுதலாம் என்று சொல்லுங்கள்.

சின்ன அத்தை:
படம் கண்ணிலேயே நிற்கிறது தம்பி. அந்தக் காலத்திலேயே பெண்கள் இவ்வளவு பளிச்சென்று பச்சையும் ரோஜா நிறமுமாகத் தமேன், அதாவது பர்மியப் பெண்கள் இடுப்பில் சுற்றும் கைலி, கட்டியிருந்தார்கள் என்று சேர்த்து எழுதேன், பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

வாத்தியார் மாமா:
அதை மட்டும் எழுத வேண்டாம் தங்கச்சி. படம் எடுத்தது கறுப்பு வெள்ளையில். ரங்கூனில் கடை வைத்திருந்த அகுஜாவின் வண்ண அட்டைகள் ஜெர்மனியில் அச்சாகிக் கப்பலில் திரும்பி வந்தவை; இதுவும் அந்த வகை அட்டைதான். அங்கே அச்சகத்தில் உட்கார்ந்து சாயம் ஏற்றியவருக்கு நம் கடைவீதியில் யார் என்ன நிறம் உடுத்தினார்கள் என்று எப்படித் தெரியும்? ஒரே படம் இரண்டாம் முறை அச்சாகும்போது பச்சைத் துணி நீலமாக மாறிவிடுவதும் உண்டு. சாயம் பூசாத கறுப்பு வெள்ளைப் படத்திலும் எச்சரிக்கை தேவை, ஏனென்றால் அக்காலத்தில் படம் பதிந்த கண்ணாடித் தகடுகளில் பெரும்பாலானவை சிவப்பு ஒளியை வாங்காதவை. அதனால் சிவப்புச் சேலை கறுப்பாக விழும், குங்குமம் மைப்பொட்டுப் போலத் தெரியும், நீல வானம் வெறும் வெள்ளையாகிவிடும்.

சின்ன அத்தை:
அப்படியானால் எங்கள் வீட்டுப் பழைய படத்தில் அப்பத்தா நெற்றியில் இருப்பது சாந்துப்பொட்டு என்று இத்தனை காலம் நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தது?

வாத்தியார் மாமா:
குங்குமமாகவும் இருக்கலாம். படத்தை மட்டும் வைத்து அதைத் தீர்க்க முடியாது.

பெகு தம்பி:
மாமா, 1910ஆம் ஆண்டு என்று போடலாமா? பின்பக்கம் ஒட்டியிருக்கும் இந்தியத் தபால்தலையில் பிரிட்டிஷ் மன்னர் ஏழாம் எட்வர்டின் தலை தெரிகிறது.

வாத்தியார் மாமா:
தபால்தலையைப் பார்த்தது நல்லது. பர்மா 1937 ஏப்ரலில்தான் இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது, அதுவரை இங்கே ஓடியது இந்தியத் தபால்தலைதான். எட்வர்டு மறைந்தது 1910இல், எனவே அட்டை ஏறத்தாழ அந்தக் காலத்தில் தபாலில் போயிருக்கும். பின்பக்கத்தில் முகவரிக்கும் செய்திக்கும் நடுவே கோடு இருப்பதையும் பார். பிரிட்டனில்கூட அந்த வசதி 1902இல்தான் வந்தது, அதற்கு முன் பின்பக்கம் முழுவதும் முகவரிக்கே உரியது. ஆனால் இவையெல்லாம் அட்டையின் வயது. விலைபோகும் ஒரு தகட்டை வைத்துப் பல ஆண்டுகள் அட்டை அடித்து விற்பது அந்தத் தொழிலின் வழக்கம், ஆகவே படம் அதற்கும் முந்தியதாக இருக்கலாம். வீதியில் நிற்கும் பர்மிய ஆண்களில் அநேகமாக எல்லோரும் கொண்டை முடிந்து தலையில் துணி கட்டியிருக்கிறார்கள், கிராப்பு வெட்டியவர் ஒருவரும் இல்லை; கிராப்பு பரவாத காலம் போலிருக்கிறது. எனக்கென்னவோ '1910க்கு முன்' என்று நிறுத்திக்கொள்வதே நியாயமாகப் படுகிறது.

தாட்டன் அண்ணன்:
சரி, '1910க்கு முன்' என்றே குறித்துக்கொண்டேன்.

பெகு தம்பி:
இடது ஓரத்தில் வேட்டியும் குடையுமாக ஒருவர் பாதி கலங்கித் தெரிகிறார். செட்டியார் என்று எழுதினால் மண்டபத்துக்கு வருபவர்கள் மகிழ்வார்களே?

பெரியப்பா:
மகிழ்வதற்காக எழுதக் கூடாது. நெற்றியில் பட்டையாக ஏதோ வெள்ளை தெரிகிறது, இடுப்பில் வேட்டி, கையில் குடை. இந்த மூன்றும் மோல்மீனில் செட்டியாருக்கு மட்டுமா இருந்தன? 1826இல் யாண்டபோ உடன்படிக்கையால் பர்மாவின் தென்கரைப் பகுதியான தெனாசரிம் ஆங்கிலேயர் கைக்குப் போன பிறகு, 1852 வரை பிரிட்டிஷ் பர்மாவின் தலைநகராக இருந்த ஊர் இது. துறைமுகத்திலும் மரக்கிடங்கிலும் கடையிலும் அரசாங்கக் கச்சேரியிலும் நம்மவர் எல்லா வகையிலும் இருந்தார்கள். அந்தக் கால ஸ்டூடியோக்காரர்கள் ஆளை நிற்கவைத்து 'மதராசி', 'கூலி', 'செட்டி' என்று ஒரு சொல்லைக் கீழே அச்சடித்து விற்றார்கள். பர்மியப் பெண் என்றால் கையில் பெரிய சுருட்டு ஒன்றைக் கொடுத்துவிடுவார்கள். நாமும் அதையே ஏன் செய்ய வேண்டும்?

வாத்தியார் மாமா:
அண்ணன் சொல்வது சரி. அவர் கலங்கியிருப்பதற்குக் காரணம், படப்பெட்டியைக் கவனிக்காமல் நடந்துகொண்டிருந்தார். மற்றவர்களெல்லாம் அசையாமல் நின்று இந்தப் பக்கமே பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால் இந்த அட்டையில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போனவர் அவர் ஒருவர்தான்.

தாட்டன் அண்ணன்:
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது வலப்பக்கக் கடையின் சுவரில் நீளமான மூங்கில் கழி ஒன்று சாய்ந்திருந்தது, நுனியில் கொக்கி போல் வளைந்திருக்கிறது. அருகில் கைப்பிடி வைத்த சதுரத் தட்டி. என்ன என்று எனக்கு விளங்கவில்லை.

பெரியப்பா:
தீக்கு வைத்தது தம்பி. மரவீடும் ஓலைக்கூரையும் நெருக்கியடித்த ஊரில் ஒரு பொறி விழுந்தால் வரிசையே போய்விடும். கொக்கியால் எரிகிற ஓலையை இழுத்துக் கீழே தள்ளுவார்கள், தட்டியால் அடித்து அணைப்பார்கள். ஒவ்வொரு வீட்டு முன்னும் இவை இருக்க வேண்டும் என்று கட்டாயம் இருந்தது. இன்றும் சில பேட்டைகளில் வாசலில் தொங்குவதை நீயே பார்த்திருப்பாய். இதைக் கட்டாயம் எழுது, ஆங்கிலத் தலைப்பில் இல்லாத செய்தி.

சின்ன அத்தை:
அதே கடைக்குப் பக்கத்தில் சிறு கூரை போட்ட மேடையில் மண்பானைகள் மூடி வைத்திருக்கின்றன, மேலே சிரட்டை போல ஒன்று. வழிப்போக்கருக்குத் தண்ணீர் வைத்ததுதானே?

பெரியப்பா:
அதேதான். பர்மியர்கள் புண்ணியத்துக்கு வைக்கும் தண்ணீர்ப்பானை. நம் ஊர்த் தண்ணீர்ப்பந்தல் கோடைக்கு மட்டும், இது ஆண்டு முழுவதும். எங்கள் தெருமுனையில் இன்னும் இருக்கிறது.

தாட்டன் அண்ணன்:
இவ்வளவையும் சேர்த்து இப்படி எழுதியிருக்கிறேன், பாருங்கள்: 'மோல்மீன் கடைவீதி, 1910க்கு முன். வண்ணம் அச்சகத்தில் சேர்க்கப்பட்டது. வலப்பக்கம் தீயணைக்கும் கொக்கியும் தட்டியும், அடுத்து வழிப்போக்கருக்கான தண்ணீர்ப்பானைகள். இடது ஓரம், வேட்டி கட்டிக் குடையுடன் நடந்து செல்பவர்; பெயர் தெரியவில்லை.'

பெகு தம்பி:
நன்றாக இருக்கிறது அண்ணே. அந்த வலப்பக்க மூலையைத் தனியாகப் பெரிதாக்கிப் பக்கத்தில் இன்னொரு சட்டத்தில் வைத்தால் கழியும் பானையும் தெளிவாகத் தெரியும்.

தாட்டன் அண்ணன்:
சட்டத்துக்கு விலை கேட்டுச் சொல்கிறேன், சங்கத்துப் பணம் போதாவிட்டால் நாமே போட்டுக்கொள்வோம்.

பெரியப்பா:
எழுத்தைப் பெரிதாக அடிக்கச் சொல். போன வருடம் மாட்டியதை நான் சுவரில் மூக்கை ஒட்டித்தான் படிக்க வேண்டியிருந்தது. பர்மிய வரியை மருமகளிடம் ஒருமுறை காட்டிவிட்டு அச்சுக்குக் கொடு.