கதிருக்கு அயர்லாந்துத் தலைநகர் டப்ளினில் வேலை: குடும்பக் குழுவில் பேசியது

முருகேசன் சித்தப்பா: கதிர், பேப்பரில் பார்த்தேன். தலைக்கு ஜிடிபியில், அதாவது நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பை மக்கள்தொகையால் வகுத்தால் வருவதில், ஐரோப்பிய ஒன்றியத்தில் லக்சம்பர்க்கும் அயர்லாந்தும்தான் முன்னால் நிற்கிறதாம், மற்ற நாடுகளின் சராசரியைப் போல இரண்டு மடங்கு. யோசிக்காமல் கையெழுத்துப் போடு.

கதிர்: அகிலாக்கா, நீ அங்கேதானே இருக்கிறாய், அப்படியா?

அகிலா: இப்போதுதான் நைட் டியூட்டி முடிந்து வந்தேன். சித்தப்பா, அந்த எண் பொய்யில்லை, ஆனால் அது இங்கே வாழ்கிறவர்கள் கையில் வரும் பணம் இல்லை. பெரிய மருந்து கம்பெனியும் சாஃப்ட்வேர் கம்பெனியும் காப்புரிமையை அயர்லாந்து கிளையின் பெயரில் வைத்திருக்கின்றன, அதனால் உலகம் முழுக்கச் சம்பாதிக்கிற லாபம் இந்த நாட்டுக் கணக்கில் ஏறி, பெரும்பகுதி அப்படியே வெளிநாட்டு முதலாளிகளுக்குப் போய்விடுகிறது. 2015-இல் ஒரே வருடத்தில் 26 சதவீத வளர்ச்சி என்று அறிவித்தார்கள், அந்த வருடம் இங்கே எந்த நர்ஸுக்குச் சம்பளம் அப்படி ஏறியது? கடைசியில் இந்த நாட்டுப் புள்ளியியல் அலுவலகமே 2017-இலிருந்து அந்த மாதிரி விஷயங்களைக் கழித்துத் தனியாக ஒரு கணக்கு வெளியிடுகிறது, அது ஜிடிபியில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் வருகிறது.

முருகேசன் சித்தப்பா: அந்தக் கம்பெனிகள் வரி கட்டுகின்றனவே, அது மக்களுக்குத்தானே?

அகிலா: ஆமாம், அது பெரிய பணம். 2023-இல் கம்பெனி வரி மட்டும் 2,300 கோடி யூரோவுக்கு மேல், அதிலும் பாதிக்கு மேல் பத்தே கம்பெனிகள் கட்டியது. தொடக்கப்பள்ளியில் புத்தகம் இலவசம். ஆனால் வீடு கிடைக்கவில்லையே! டப்ளினில் ஒரு படுக்கையறை வீட்டு வாடகை சாதாரணமாக 2,000 யூரோவைத் தொடுகிறது. வீடு பார்க்கப் போனால் சம்பளச் சீட்டு, பழைய வீட்டுக்காரர் கொடுத்த கடிதம் எல்லாவற்றையும் கையில் வைத்துக்கொண்டு தெருவில் வரிசையில் நிற்கிறார்கள். என் வார்டில் வேலை பார்க்கும் ஐரிஷ் பெண்ணுக்கு முப்பது வயதுக்கு மேலாகிறது, நல்ல சம்பளம், இன்னும் அம்மா வீட்டில்தான் இருக்கிறாள்.

கதிர்: அப்போது எந்தக் கணக்கைத்தான் பார்ப்பது?

அகிலா: ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளியியல் அலுவலகமான யூரோஸ்டாட்டிலேயே இன்னொரு கணக்கு இருக்கிறது. குடும்பங்கள் உண்மையில் அனுபவிப்பதை, அரசு தரும் மருத்துவம், படிப்பு உட்பட, விலைவாசி வித்தியாசத்தையும் சரிசெய்து கணக்கிடுவது. அதில் அயர்லாந்து ஐரோப்பியச் சராசரியை ஒட்டித்தான் நிற்கிறது, ஜெர்மனியும் நெதர்லாந்தும் இதைவிட மேலே. இங்கே விலை அப்படி, 2023-இல் ஒன்றியச் சராசரியைவிடச் சுமார் 40 சதவீதம் அதிகம்.

பெரியம்மா: அப்படியென்றால் பிள்ளை போக வேண்டாம் என்கிறாயா அகிலா?

அகிலா: ஐயோ இல்லை பெரியம்மா, தாராளமாக வரட்டும், வேலையும் மரியாதையும் நன்றாகவே இருக்கும். நாட்டின் ஜிடிபியைப் பார்த்து முடிவெடுக்காதே என்றுதான் சொல்கிறேன். கதிர், வரி போகக் கையில் எவ்வளவு வரும், முதல் சில மாதம் தங்க இடம் தருவார்களா, இந்த இரண்டையும் பார்.

கதிர்: ஆஃபர் லெட்டரில் தங்குவது பற்றி ஒரு வரி கூட இல்லைக்கா.

அகிலா: இன்றைக்கே மெயில் போட்டுக் கேள். பதில் வரும்வரை கையெழுத்துப் போடாதே.