மறு: மின் துறை தலைமை விருது ஆருக்குக் குடுக்கறது?

சங்கத்து சொந்தங்களுக்கு வணக்கமுங்க,

ஈஈஈ, ஈசிஈ லைன்ல போய் தலைமைப் பொறுப்புல சாதிச்ச நம்மூர் ஆளு ஒருத்தருக்கு வருசா வருசம் பொங்கல் கூட்டத்துல விருது குடுக்கலாம்னு செயலாளர் மாமா மடல் போட்டப்பவே நல்ல யோசனைன்னு பட்டுச்சு. அப்பறம் வரிசையா வந்த பேருங்களப் பாத்தா ஒரே வைஸ் பிரசிடெண்ட், சீனியர் டைரக்டர், கன்ட்ரி ஹெட். அவங்க யாரையும் கொறச்சுச் சொல்லலைங்க, எல்லாரும் கஷ்டப்பட்டு மேல வந்தவங்கதான், ஆனா விசிட்டிங் கார்டைப் பாத்துத்தான் குடுக்கப் போறோம்னா அதுக்கு ஒரு கமிட்டி எதுக்கு, லிங்க்ட்இன்ல தேடினா அஞ்சு நிமிசத்துல முடிஞ்சு போற வேலை.

சிங்கப்பூர் அண்ணன் எழுதியிருந்தாரு, உலகத்துல பெரிய சங்கங்க எப்படிக் குடுக்கறாங்களோ அப்படியே நாமளும் செஞ்சுட்டாப் போச்சுன்னு. அண்ணா, அங்கயும் இந்த இழுபறி இருந்திருக்குதுங்க. மின், எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியர்களோட உலக சங்கமான ஐ ட்ரிப்பிள் ஈ குடுக்கறதுல ஃபவுண்டர்ஸ் மெடல்னு ஒண்ணு இருக்குது, கண்டுபிடிப்புக்கு இல்ல, மின் துறையில தலைமை, திட்டமிடல், நிர்வாகம் இதுக்குன்னே வெச்சது. 1952ல ஐ.ஆர்.ஈ.ங்கற ரேடியோ இன்ஜினியர்கள் சங்கம் ஏற்படுத்தினது, அந்தச் சங்கமும் ஏ.ஐ.ஈ.ஈ.ங்கற அமெரிக்க மின் இன்ஜினியர்கள் சங்கமும் 1963ல ஒட்டுக்கா சேந்ததுதான் இப்ப இருக்கற ஐ ட்ரிப்பிள் ஈ. சோனியோட மசாரு இபுகா, ஹியூலெட், பேக்கார்டு எல்லாம் பின்னால வாங்கின மெடல் இது. 1953ல முதமுதல்ல போனது ஆர்.சி.ஏ.ங்கற அமெரிக்க ரேடியோ கம்பெனியோட டேவிட் சார்னாஃபுக்கு. தந்தி ஆபீஸ்ல எடுபிடிப் பையனா வேலைக்குச் சேந்து, வீட்டுக்கு வீடு ரேடியோவும் டிவியும் போறதுக்குப் பாதை போட்ட ஆளு, அவருக்குத் தலைமைக்கான மெடல் தகாதுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க.

ஆனா அந்த வருசம் ஆர்.சி.ஏ. மேல ஒரு பேட்டன்ட் கேஸ் ஓடிட்டிருந்துச்சு. 1948ல கேஸ் போட்டவரு எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங், எஃப்.எம். ரேடியோவக் கொண்டுவந்த மனுசன். அதுக்கு முன்னாடியே ரேடியோ அலையப் புடிக்கற சூப்பர்ஹெட்டரடைன் ரிசீவரும் அவரு வேலைதான். அவரும் சார்னாஃபும் ஒரு காலத்துல நல்ல சிநேகிதங்க, ஆர்ம்ஸ்ட்ராங் கட்டினதே சார்னாஃபோட செக்ரட்டரியைத்தான். எம்பயர் ஸ்டேட் பில்டிங் மேல ஆர்.சி.ஏ. இடத்துலயே எஃப்.எம். சோதனை நடந்துச்சு, நல்லாவே வேலை செஞ்சுது, 1935ல டிவிக்கு எடம் வேணும்னு ஆர்ம்ஸ்ட்ராங்கோட மெசினக் கழட்டச் சொல்லிட்டாங்க. அங்கிருந்து ஆரம்பிச்ச பகை கோர்ட்டு வரைக்கும் போய், காசு கரைஞ்சு, குடும்பமும் பிரிஞ்சு, 1954 ஜனவரி கடைசியில நியூயார்க்ல 13வது மாடி வீட்டு ஜன்னல் வழியா அவரு குதிச்சுட்டாரு. சார்னாஃபுக்கு மெடல் கெடைச்ச அடுத்த வருசம். அவரு சம்சாரம் கேஸை விடல, ஆர்.சி.ஏ. பத்து லட்சம் டாலர் சொச்சம் குடுத்து முடிச்சுக்கிட்டாங்க, மத்த கம்பெனிங்க மேல கடைசி கேஸ் ஜெயிக்கறப்ப 1967.

இதுல எனக்குப் பெரிய விசயமாப் படறது வேற. அதே ஐ.ஆர்.ஈ. தன்னோட மெடல் ஆஃப் ஹானரை மொதல்ல குடுத்தது இதே ஆர்ம்ஸ்ட்ராங்குக்குத்தான், 1917க்கான மெடல், சிக்னலை மறுபடி மறுபடி பெருக்கற ரீஜெனரேட்டிவ் சர்க்யூட்டுக்காக. அந்த சர்க்யூட் யாரோடதுன்னு லீ டி ஃபாரஸ்ட்ங்கற இன்னொரு கண்டுபிடிப்பாளர் கூட வருசக்கணக்கா வழக்கு நடந்து 1934ல சுப்ரீம் கோர்ட் ஆர்ம்ஸ்ட்ராங்குக்கு எதிராத் தீர்ப்பு சொல்லிருச்சு. மனுசன் நேரா சங்கத்து மாநாட்டுக்குப் போய் மெடலைத் திருப்பிக் குடுக்கறேன்னு நின்னாரு. சங்கம் வாங்கிக்கல. கோர்ட் என்ன சொன்னாலும் எங்க முடிவு முடிவுதான்னு மெடலை அவருகிட்டயே விட்டுட்டாங்க, சபையே எந்திரிச்சு கைதட்டுச்சு. ஒரு விருதுக்கு மதிப்பு வர்றது இப்படித்தானுங்க. இப்ப 2025ல இருந்து மெடல் ஆஃப் ஹானரோட 20 லட்சம் டாலர் ரொக்கம் சேத்திருக்கறாங்க, நம்ம சங்கத்து இருப்பு என்னன்னு பொருளாளர் அண்ணனுக்குத்தான் வெளிச்சம், அதனால நமக்கு 1934 வழிதான் கட்டுபடியாகும்.

அடுத்து டொராண்டோ தம்பி போட்ட மடல். "4ஜியக் கண்டுபிடிச்சதே நம்ம பொள்ளாச்சிக்காரர்தான், அவரு பேர்லயே விருதை வெச்சுரலாம்"னு. ஆரோக்கியசாமி பால்ராஜைச் சொல்றாப்ல. தம்பி, பேரு சரி, சொன்ன விதம் சரியில்ல. நான் சோறு திங்கறதே செல்போன் டவர் வேலையிலங்கறதால கொஞ்சம் வெவரமாச் சொல்றேன், பொறுத்துக்கோங்க.

1944 ஏப்ரல் 14, பொள்ளாச்சியில பொறந்தவரு. ஏற்காடு மான்ட்ஃபோர்ட் பள்ளிக்கூடம், அங்கிருந்து சின்ன வயசுலயே நேஷனல் டிஃபென்ஸ் அகாடமி, அப்பறம் கடற்படை. படிப்புல இருந்த ருசியப் பாத்து கடற்படை அவர ஐஐடி டெல்லிக்கு எம்.டெக். படிக்க அனுப்புச்சு. அங்க பேராசிரியர் பி.வி. இந்திரேசன், இந்தப் பையன் எம்.டெக்.கோட நிக்கற ஆளு இல்ல, பிஎச்.டி. பண்ணணும்னு பிடிவாதமா நின்னாரு. கடற்படைக்கு அதுல இஷ்டமில்ல, ஒரு ஆபீசர் டாக்டர் பட்டம் வாங்கி கப்பல்ல என்ன பண்றதுன்னு அவங்களுக்கு. இந்திரேசன் விடாமப் பேசிச் சம்மதிக்க வெச்சாரு, 1973ல பட்டம் வந்துச்சு. என்னையக் கேட்டா தலைமை விருதுல பாதி இந்த இந்திரேசனுக்குப் போகணும். பின்னாடி ஐஐடி மெட்ராஸுக்கு டைரக்டரா இருந்தது எல்லாருக்கும் தெரியும், ஒரு மாணவனுக்காக ராணுவத்தோட மல்லுக்கட்டினது எத்தன பேருக்குத் தெரியும்?

அதுக்கு நடுவுல 1971 போர். டிசம்பர் 9ந்தேதி ராத்திரி, டையூவுக்கு அக்கட்ட அரபிக்கடல்ல ஐஎன்எஸ் குக்ரிய பாகிஸ்தான் நீர்மூழ்கி ஹாங்கோர் டார்பிடோ போட்டு மூழ்கடிச்சுச்சு. 18 ஆபீசருங்க, 176 மாலுமிங்க செத்துப்போனாங்க, கேப்டன் முல்லா கப்பலோடவே போயிட்டாரு. நீர்மூழ்கிக்கு நம்ம கப்பல் கேட்டுச்சு, நம்ம கப்பலுக்கு அது கேக்கல, அவ்வளவுதான் விசயம். நம்மகிட்ட இருந்தது பழைய பிரிட்டிஷ் சோனார், தண்ணிக்கடியில சத்தத்த வெச்சு நீர்மூழ்கியக் கண்டுபிடிக்கற கருவி. அதைத் தேத்தற வேலை பால்ராஜ்கிட்ட வந்துச்சு, செஞ்சு குடுத்தாரு. பொறவு 1977ல இருந்து கொச்சியில என்.பி.ஓ.எல்.ங்கற கடற்படை ஆராய்ச்சி லேப்ல நாமளே சொந்தமா ஒரு சோனார் செய்யறதுன்னு இறங்கினாங்க, அதுக்கு இவரு தலைமை. அப்சோன்னு பேரு, 1983ல கப்பல்ல ஏறுச்சு. அந்தக் காலத்து நிலைமைய நெனச்சுப் பாருங்க, வெளிய சாமான் வாங்கறதுக்கே ஆயிரம் தடை, நம்ம நாட்டுல இதுக்கு முன்ன இந்த அளவுல யாரும் பண்ணினதில்ல, விஞ்ஞானி ஒரு பக்கம், கடற்படை ஒரு பக்கம், பெங்களூர்ல செஞ்சு குடுக்கற பாரத் எலக்ட்ரானிக்ஸ் ஒரு பக்கம், இத்தன பேரையும் ஒரே கப்பல்ல ஏத்தி வேலை வாங்கணும். எனக்கு, பின்னால இவரு கொண்டுவந்த பல ஆன்டெனா நுட்பமான மைமோவை விட இதுதான் பெருசாத் தெரியுது. மூணு லேபை மொத டைரக்டரா இருந்து ஆரம்பிச்சு வெச்ச ஆளும் அவருதான், ராணுவ ஆராய்ச்சி அமைப்பு டிஆர்டிஓவோட செயற்கை அறிவு லேப் கேர், கம்ப்யூட்டர் ஆராய்ச்சிக்கான சி-டாக், பாரத் எலக்ட்ரானிக்ஸோட ஆராய்ச்சிக்கூடம்.

மைமோ அதுக்கப்பறம். 1991ல கமடோரா ஓய்வு வாங்கிட்டு ஸ்டான்ஃபோர்டுக்குப் போனாரு, அங்க பேராசிரியர் தாமஸ் கைலாத் இருந்தாரு. ஒரே அலைவரிசையில வந்து மோதற ரெண்டு சிக்னலை எப்படிப் பிரிக்கறதுங்கற ஆராய்ச்சியில கெடைச்ச பொறி. அதுக்கு முன்னாடி வரைக்கும் கட்டிடத்துலயும் மலையிலயும் பட்டுத் தெறிச்சு வர்ற அலை எங்களுக்கெல்லாம் எதிரி, அதை எப்படி அமுக்கறதுன்னுதான் பாப்பாங்க. இவரு சொன்னது, அனுப்பற பக்கமும் வாங்கற பக்கமும் ரெண்டு மூணு ஆன்டெனா வையி, ஒவ்வொண்ணுலயும் வேற வேற டேட்டாவ ஒரே அலைவரிசையில அனுப்பு, தெறிச்சு வர்றதாலயே ஒவ்வொண்ணும் வேற வேற சாயல்ல வந்து சேரும், கணக்குப் போட்டுப் பிரிச்சுக்கலாம்னு. பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில நாலு தரகருங்க ஒரே நேரத்துல வெலை கத்தினாலும் நமக்கு வேண்டியவரு கொரலைத் தனியாப் புடிச்சுக்கறமில்ல, அந்த மாதிரி. ஸ்பெக்ட்ரம் ஒரு இன்ச்சு கூட எச்சா வாங்காம வேகம் ரெண்டு மடங்கு, நாலு மடங்குன்னு போகும். இன்னைக்கும் நாங்க வண்டியில சுத்தி சிக்னலை அளக்கற டிரைவ் டெஸ்ட் போனா லேப்டாப்ல மொதல்ல பாக்கறது ரேங்க், அதாவது ஒரே நேரத்துல எத்தன டேட்டா வரிசை தனித்தனியா வருதுங்கறது, 1ஆ 2ஆ 4ஆன்னுதான், திறந்த வெளியில டவருக்கு நேரா நின்னா சிக்னல் கொழுத்துக் கெடக்கும், ரேங்க் மட்டும் ஏறாது, சந்துபொந்துக்குள்ள போனா ஏறும்.

கைலாத்தும் அவரும் 1992ல பேட்டன்ட் போட்டு 1994ல கெடைச்சுது. ஆனா தம்பி, பெல் லேப்ஸ்ல டெலாடாரும் ஃபோஷினியும் போட்ட கணக்கு இல்லாம இது இந்த உயரத்துக்கு வந்திருக்காது, அதையும் சொல்லணும். ஒருத்தர் தனியா 4ஜியக் கண்டுபிடிச்சாருன்னு மேடையில நாம பேசினா வெவரம் தெரிஞ்சவன் சிரிப்பான், அது அவருக்கும் மரியாதை இல்ல. அவரோட தனிப் பெருமை என்னன்னா, பேப்பர்ல இருந்ததை நம்பாம கம்பெனிங்க ஒதுங்கி நின்னப்ப, 1998ல தானே ஐயோஸ்பான்னு கம்பெனி ஆரம்பிச்சு செஞ்சு காட்டினது. அத இன்டெல் வாங்குச்சு, அடுத்து ஆரம்பிச்ச பிசீமை பிராட்காம் வாங்குச்சு. இன்னைக்கு வைஃபையும் 4ஜியும் 5ஜியும் இது இல்லாம ஓடாது. 2010ல பத்ம பூஷண், 2011ல ஐ ட்ரிப்பிள் ஈயோட கிரகாம் பெல் மெடல், 2014ல மார்கோனி பரிசு, 2023ல லண்டன்ல இருந்து ஃபாரடே மெடல். இந்தியாவுக்கு 5ஜி எப்படிக் கொண்டுவர்றதுன்னு அரசாங்கம் 2017ல போட்ட குழுவுக்கும் அவருதான் தலைவரா இருந்தாரு.

டல்லாஸ் தங்கச்சி கேட்ட கேள்விக்கு யாருமே பதில் போடல, பட்டியல்ல ஒரு பொம்பளப் பேரு கூட இல்லையேன்னு. நியாயமான கேள்வி கண்ணு. 18 வயசுல கைக்குழந்தையோட விதவையாகி, கிண்டி இன்ஜினியரிங் காலேஜ்ல எலக்ட்ரிகல் படிச்சு 1943ல முடிச்சாங்க ஏ. லலிதா, நாட்டுலயே அந்தத் துறையில மொதப் பொண்ணு. கல்கத்தாவுல ஏ.ஈ.ஐ.ங்கற பிரிட்டிஷ் மின்சாதனக் கம்பெனியில சேந்து டிரான்ஸ்மிஷன் லைன், சப்ஸ்டேஷன் டிசைன், பக்ரா நங்கல் அணை வேலையிலயும் அவங்க கை உண்டு. 1964ல நியூயார்க்ல நடந்த மொத உலகப் பெண் இன்ஜினியர்கள் மாநாட்டுக்குப் போயிட்டு வந்தாங்க. அவங்க கார்டுல என்ன பதவி போட்டிருந்துச்சுன்னு யாரும் இன்னைக்குத் தேடறதில்ல.

இப்ப என்ற பங்குக்கு ஒரு பேரு. நம்ம சப்ஸ்டேஷன்ல ஃபோர்மேனா இருந்து ரிட்டயர்ட் ஆனாரே, பெருசுங்களுக்கெல்லாம் தெரியும். காத்துமழையில தென்னமட்டை விழுந்து லைன் அத்துப்போன ராத்திரிங்கள்ல, தோட்டத்துல மோட்டார் ஓடலைன்னு ஆளுங்க போய் ஆபீஸ்ல சத்தம் போட்டாலும், லைன்ல வேலை செய்யலாம்ங்கற அனுமதிச் சீட்டு எல்.சி. கைக்கு வந்து, லைனைத் துண்டிக்கற ஏ.பி. ஸ்விட்சைத் திறந்து, ரெண்டு பக்கமும் கரண்ட்டை பூமிக்கு அனுப்பற எர்த் ராடு போட்டதைத் தன் கண்ணால பாக்காம ஒரு ஹெல்பரையும் கம்பத்துல கால் வெக்க விட மாட்டாரு. எங்கப்பிச்சியே ஒருக்கா அவர வாய்க்கு வந்தபடி வெஞ்சிருக்காரு, மனுசன் அசையல. அவருகிட்ட வேலை கத்துக்கிட்ட பசங்க நாலஞ்சு பேரு வயர்மேனா, ஃபோர்மேனா இருக்கறாங்க, ஒருத்தன் மஸ்கட்ல எனக்குப் பக்கத்து கேம்ப்லயே கேபிள் ஜாயின்டர், இன்னைக்கும் லைன் செத்திருச்சான்னு டெஸ்டர் வெச்சு ரெண்டு தடவை பாத்துட்டுத்தான் கை வெக்கறான். கேட்டா அவரு பேரைத்தான் சொல்றான்.

செயலாளர் மாமா, பேரு அனுப்பறதுக்குக் கடைசித் தேதி எப்பன்னு போடுங்க. பதவி என்னங்கற கட்டத்தை ஃபார்ம்ல இருந்து எடுத்துட்டு, இவருகிட்ட வேலை பழகினவங்க யாரு, அவங்க இப்ப என்ன பண்றாங்கன்னு ஒரு கட்டம் சேத்துங்க. சொந்தக்காரரு பேரை சொந்தக்காரரே அனுப்பக் கூடாதுன்னும் போட்டுருங்க, இல்லாட்டி தை மாசத்துல பஞ்சாயத்துதான் நடக்கும். ஃபோர்மேன் பேரை நான் அனுப்பறேன், மஸ்கட் தம்பியும் கையெழுத்துப் போடறேன்னு சொல்லியிருக்கறான். பொன்னாடை மட்டும் வேண்டாமுங்க, அவரு வீட்டுல வெக்க எடமில்லைன்னு அவரு மருமகளே சொல்லிருச்சு.

அன்புடன்,
மஸ்கட்ல இருந்து, மேக்காலத் தோட்டத்துப் பேரன்